‘பிந்தாஸ்’ தப்பு, ‘கேப்மாரி’ சரியா? மும்பைத் தமிழ் மன்றத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மும்பையில் தமிழ் மன்றங்களை நடத்திவரும் பெரியவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் வகுப்பு எடுக்கும் ஆசிரிய நண்பர்களுக்கும் வணக்கம்.

நான் தாராவியில் மாலை வகுப்பு எடுப்பவள். என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் பகலில் இந்தி, மராத்தி, இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிறார்கள். தமிழ் அவர்களுக்கு வீட்டுப் பேச்சு. அ, ஆ எழுத உட்காருவது என் வகுப்பில்தான். நீங்கள் நடத்தும் பேச்சுப் போட்டிக்கும் திருக்குறள் போட்டிக்கும் அவர்களைக் கூட்டிவருகிறேன். மண்டப வாடகை, மைக் செட், பரிசுக் கோப்பை என்று கைக்காசைப் போட்டு நீங்கள் இதைச் செய்வது எனக்குத் தெரியும். சயானிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஒரு தமிழ்ப் பலகையைப் பார்க்கும்போது எங்கள் பிள்ளைகளுக்கு வரும் தைரியத்தையும் அறிவேன். அந்த நன்றியோடுதான் எழுதுகிறேன்.

நகரின் ஒரு மன்றம் அண்மையில் நடத்திய பேச்சுப் போட்டியின் விதித்தாளில் ஒரு வரி இருந்தது: கொச்சைச் சொல் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் குறைக்கப்படும். தலைப்பு ‘எங்கள் தெரு’. எட்டாவது படிக்கும் பையன் ஒருவன் தன் சந்தில் தண்ணீர்க் குழாயடியில் நடந்த சண்டையைச் சொன்னான். நடுவில், அவனுடைய அண்ணன் அவனை அதட்டிய அதட்டலை அப்படியே பேசிக் காட்டினான்: “ஏலே, காலி பீலி லஃப்டா கிஃப்டா பண்ணாத. நாக்காவுல போலீஸ் நிக்கான்.” பிறகு, “எங்க தெருவுல எல்லாரும் பிந்தாஸா இருப்போம்” என்றும் சொன்னான். நடுவர் மதிப்பெண்ணைக் குறைத்தார். அடுத்துப் பேசிய பிள்ளை யாரோ எழுதிக் கொடுத்ததை ஒப்பித்தது; ஊழல்வாதிகளின் ‘கேப்மாரித்தனம்’ என்று ஓங்கிச் சொன்னது. சபை கைதட்டியது. மதிப்பெண் குறையவில்லை.

முதல் பிள்ளையின் வாக்கியத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

‘ஏலே’ தாமிரபரணிப் பக்கத்துக் குடும்பங்கள் இங்கே வரும்போது நாக்கிலேயே கொண்டுவந்த விளி. மார்கழி விடியலில் மாட்டுங்காவில் நீங்கள் பாடும் திருப்பாவையின் 15ஆம் பாசுரம் ‘எல்லே இளங்கிளியே’ என்றுதான் எடுக்கிறது. தூங்குகிற தோழியை ஆண்டாள் உரிமையோடு எழுப்பும் விளி அது. சங்கப் பாட்டில் அதுவே ‘எல்லா’ என்று ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக நிற்கிறது. நெல்லையின் ஏலேயை இந்த வரிசையில் வைத்துத்தான் மொழியறிந்தவர்கள் பேசுகிறார்கள். கோயிலில் பாடினால் பக்தி, தெருவில் கூப்பிட்டால் கொச்சை என்று இதை எப்படிப் பிரிப்பது?

‘காலி’ அரபிலிருந்து உருது வழியாக வந்தது. வெறுமை என்று பொருள். ‘காலிப் பணியிடங்கள்’ என்று தமிழக அரசே விளம்பரம் கொடுக்கிறது. அதோடு ‘பீலி’ ஒட்டிக்கொண்டால் ‘சும்மா, காரணமே இல்லாமல்’ என்று மும்பை பேசுகிறது. ‘லஃப்டா’ மராத்தியிலும் இந்தியிலும் வம்பு, சிக்கல், கமுக்கமான காதல் விவகாரம் எல்லாம்தான்.

‘கிஃப்டா’ எங்கிருந்து வந்தது? இந்தி பேசுபவர் சாய்-வாய், பானி-வானி என்பார். மராத்திக்காரர் பாணீ-பிணீ என்பார். நாம் காப்பி-கீப்பி, பாம்பு-கீம்பு என்போம். எதிரொலிச் சொல்லுக்கு ‘கி’ போடுவது நம் வழக்கம். அந்தப் பிள்ளை கடன் வாங்கிய சொல்லுக்குத் தமிழ் எதிரொலிதான் போட்டான். யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. ‘நாக்கா’ என்றால் இந்த ஊரில் தெருச் சந்திப்பு. ‘நாக்காவுல’ என்றானே, அந்த ‘வு’வில் இருக்கும் ‘வ்’ நன்னூல் சொல்லும் உடம்படுமெய். ஆகாரத்துக்குப் பின் வகரம் வரும் என்ற விதி, நன்னூலின் அட்டையைக்கூடப் பார்க்காத பிள்ளையின் வாயில் பிசகாமல் வேலை செய்கிறது. ‘நிக்கான்’ என்பது நெல்லை நிகழ்காலம். நிற்கிறான் நிக்கிறான் ஆகி, நிக்கான் என்று சுருங்கியது. அவன் பிறந்ததும் வளர்ந்ததும் தாராவி. திருநெல்வேலியைப் பள்ளி லீவில் மட்டும் பார்த்தவன்.

ஆக அந்த இரண்டு வாக்கியத்தில் கடன் சொற்கள் உண்டு. ஆனால் அவற்றைக் கோத்த நூல் முழுக்கத் தமிழ். இதற்குப் பரிசு கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, தண்டனை கொடுத்திருக்க வேண்டாம். இந்தப் ‘பரவாயில்லை’யிலேயே ‘பர்வா’ பாரசீகம், ‘இல்லை’ நம்முடையது.

மன்றங்களின் வரவு செலவு ஏட்டை எடுத்துப் பாருங்கள். வசூல், பாக்கி இரண்டும் அரபு. சந்தா, ரசீது பாரசீகம். செயலாளர் விலகினால் எழுதும் ராஜினாமாவும் பாரசீகம். நவாபுகளின் கச்சேரியிலிருந்தும், 1855 வரை இருந்த தஞ்சை மராத்திய அரசிலிருந்தும், கம்பெனி அலுவலகங்களிலிருந்தும் இறங்கி வந்த சொற்கள் நம் ஏட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டன. அவை அதிகாரத்தின் வழியாக வந்தவை. பிந்தாஸும் நாக்காவும், ஒற்றையறை வீட்டைக் குறிக்கும் கோலியும் பிழைப்பின் வழியாக வருகின்றன. தோல் பதனிடும் கொட்டடிக்கும் ஆலைக்கும் துறைமுகத்துக்கும் வேலை தேடி வந்த தாத்தாக்கள், பக்கத்துக் கோலியில் இருந்த கொங்கணிக்காரரிடமும் உத்தரப்பிரதேசத்துக்காரரிடமும் வாங்கிக்கொண்டவை. வந்த வழி எளிய வழி என்பதற்காகவே அவற்றுக்கு மதிப்பு குறைவா?

பிந்தாஸைக் கேட்டுத்தான் நடுவர் முகம் சுளித்தார். மராத்தியில் அது ‘பின்தாஸ்த்’. ‘பின்’ என்றால் இல்லாமல், ‘தாஸ்தி’ என்றால் பயம். எங்கள் தெருவில் எல்லாரும் பயமில்லாமல் இருப்போம் என்றுதான் அந்தப் பிள்ளை சொன்னான்.

வகுப்பில் நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். யாராவது தெருச் சொல் ஒன்றைச் சொன்னால் அதட்டமாட்டேன். “இதுக்கு என்ன அர்த்தம்? யார்கிட்ட கேட்ட? யாரைப் பாத்துச் சொல்லலாம், யாரைப் பாத்துச் சொல்லக் கூடாது?” என்று கேட்பேன். இந்தக் கேள்விகள் பாடப்புத்தகத்தில் இல்லாத சரித்திரத்துக்குள் எங்களைக் கொண்டுபோய்விடுகின்றன.

ஒருநாள் ஒரு சிறுமி கேட்டாள்: “டீச்சர், சுப்பாரின்னா பாக்குதானே? பாக்கு குடுத்தா எதுக்கு ஆளைக் கொல்லணும்?” இந்த ஊரில் கூலிக்குக் கொலை செய்ய ஒப்புக்கொள்வதை சுப்பாரி வாங்குவது என்பார்கள். செய்தித்தாளிலும் அப்படித்தான் வருகிறது, சினிமாவிலும் அப்படித்தான். நான் அவளிடம் அவள் அக்காவின் நிச்சயதார்த்தத்தை நினைத்துப் பார்க்கச் சொன்னேன். அங்கே பெரியவர்கள் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள் அல்லவா? மாற்றிவிட்டால் பேச்சு உறுதி, பின்வாங்கக் கூடாது. நம் வீட்டு விசேஷத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதும் அந்த மரபுதான். இந்தியில் ஒரு காரியத்தைத் தன் தலைமேல் போட்டுக்கொள்வதை ‘பீடா உடானா’ என்பார்கள். சபையில் வைத்த வெற்றிலை பீடாவை எவன் எடுக்கிறானோ அவன் அந்தக் காரியத்தை முடிப்பதாக வாக்குக் கொடுத்தான் என்று அர்த்தம். வாக்குறுதியின் அடையாளமாக இருந்த பாக்கை நிழல் உலகம் எடுத்துத் தன் ஒப்பந்தத்துக்கு வைத்துக்கொண்டது. அந்தச் சிறுமி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப பாக்கு மேல தப்பு இல்ல” என்றாள். இதைவிடத் தெளிவாக ஒரு சொல்லின் வரலாற்றை யாரும் சொல்ல முடியாது.

‘ஹஃப்தா’ இப்படித்தான். பாரசீகத்தில் ‘ஹஃப்த்’ என்றால் ஏழு, ‘ஹஃப்தா’ என்றால் வாரம். வாராவாரம் கடைக்காரரிடம் பிடுங்கும் பணத்துக்கு இந்த ஊரில் அதுவே பெயராகிவிட்டது. தமிழ்நாட்டில் அதற்கு ‘மாமூல்’ என்று பெயர். அரபில் மாமூல் என்றால் வழக்கமானது, நடைமுறையில் இருப்பது. லஞ்சத்தை வாரக் கணக்கில் பார்த்தது ஓர் ஊர். அதை வழக்கம் என்றே ஏற்றுக்கொண்டது இன்னோர் ஊர். பிள்ளைகளிடம் இந்த இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் போதும். குடிமைப் பாடம் தனியாக வேண்டியதில்லை.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து தெருவுக்கு வந்த சொற்களும் உண்டு. சென்னை மாகாணக் காவல்துறை, தொடர்ந்து திருட்டில் ஈடுபடுவோரைப் பதிவுசெய்த பட்டியலுக்கு ‘நோன் டெப்ரடேட்டர்’ (Known Depredator) என்று தலைப்பிட்டது. அதன் முதலெழுத்துகளே ‘கேடி’. நம் வீடுகளில் குறும்பு செய்கிற குழந்தையைக் கொஞ்சலாக “கேடிப் பயலே” என்கிறோம். ‘சார் சௌ பீஸ்’, தமிழில் ‘ஃபோர் ட்வெண்ட்டி’, 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவு: ஏமாற்றுதல். 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டமே இல்லை. பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தக் குற்றம் 318ஆம் பிரிவுக்குப் போய்விட்டது. ஆனாலும் ‘முந்நூற்றுப் பதினெட்டு’ என்று இன்னும் யாரும் திட்டத் தொடங்கவில்லை. சட்டப் புத்தகத்தில் செத்த எண் தெருவில் உயிரோடு இருக்கிறது.

‘துட்டு’ டச்சுக்காரர்கள் புழங்கிய ‘டொய்ட்’ என்ற சிறு செப்புக்காசு. ‘முடிச்சவிக்கி’ முந்தானையிலும் வேட்டித் தலைப்பிலும் காசு முடிந்து வைத்த காலத்தின் பிக்பாக்கெட். ‘பேஜார்’ பாரசீக ‘பேஸார்’, சலிப்பு. ‘பேமானி’ நேர்மையின்மை. சென்னைத் தமிழ் என்றால் இளக்காரமாகச் சிரிப்பவர்கள் ‘கஸ்மாலம்’ என்ற சொல்லைக் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் தேடிப் பார்க்கலாம். வில்லைக் கீழே போட்ட அர்ச்சுனனைப் பார்த்து, உனக்கு இந்தக் ‘கச்மலம்’ எங்கிருந்து வந்தது என்று கண்ணன் கேட்கிறான். அழுக்கு, மனத்தின் களங்கம் என்று பொருள்.

இதெல்லாம் சுவையான பகுதி. நான் இந்த மடலை எழுத உட்கார்ந்தது இதற்காக அல்ல.

கைதட்டல் வாங்கிய அந்தக் ‘கேப்மாரி’க்கு வருகிறேன். அது ஒரு குணத்தின் பெயர் அல்ல, ஒரு சமூகத்தின் பெயர். பிரிட்டிஷ் அரசு 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. 1911-இல் வந்த சட்டத்தின் மூலம் அது சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. சில சமூகங்களில் பிறந்த எல்லாரையுமே, கைக்குழந்தை உட்பட, பிறவித் திருடர்கள் என்று அந்தச் சட்டம் பட்டியலிட்டது. ஊர் விட்டு ஊர் போகக்கூட அனுமதி கேட்க வேண்டும், கைரேகை வைக்க வேண்டும். நாடு முழுவதும் அது நீங்கியது 1952-இல். அந்தப் பட்டியலில் இருந்தவர்களை இன்று தமிழ்நாடு அரசு சீர்மரபினர் என்கிறது. அரசின் சீர்மரபினர் பட்டியலில் கேப்மாரி என்ற பெயர் இன்றைக்கும் இருக்கிறது. அந்தப் பெயரில் ஒரு பிள்ளை சாதிச் சான்றிதழ் வாங்க வரிசையில் நிற்கிறது. நம் மேடையில் இன்னொரு பிள்ளை அதே பெயரை வசையாக வீசுகிறது. நாம் நல்ல தமிழ் என்று கைதட்டுகிறோம்.

அந்தப் பிள்ளைமேல் எனக்குக் கோபம் இல்லை. அதற்கு யாரும் சொல்லவில்லை. நமக்கும் யாரும் சொல்லவில்லை. ‘கொச்சை’ என்ற ஒரே கூடையில் எல்லாவற்றையும் போட்டு மூடிவிட்டால், எது குத்தும் எது குத்தாது என்று பார்க்கும் வாய்ப்பே போய்விடுகிறது. வேற்றுமொழி வாடை அடித்தால் தப்பு, தமிழ் ஓசை இருந்தால் சரி. இதுதான் அந்த விதியின் அளவுகோல். இந்த அளவுகோல் யாரையும் புண்படுத்தாத லஃப்டாவைப் பிடிக்கிறது. ஒரு சமூகத்தையே புண்படுத்தும் சொல்லை விட்டுவிடுகிறது.

‘பொறம்போக்கு’ என்று எங்கள் தெருவில் காலையில் ஆரம்பித்தால் ராத்திரி வரை கேட்கலாம். நல்ல தமிழ்ச்சொல் அது: புறம்போக்கு. வருவாய்த்துறைக் கணக்கில், தீர்வை விதிக்காமல் பொதுவுக்கென விட்ட நிலம். ஏரி, குளம், மேய்ச்சல் தரை, சுடுகாடு, வண்டிப்பாதை எல்லாம் அதில் சேரும். அந்த நிலத்தில் குடிசை போட்டவனுக்குப் பட்டா கிடையாது. நிலம் இல்லாதவன் எதற்கும் உதவாதவன் என்ற எண்ணம், நிலத்தின் பெயரை மனிதனுக்கு வசையாக்கியது. தாராவியின் நிலத்தில் பெரும்பகுதி மாநகராட்சிக்குச் சொந்தம். அதன்மேல் மூன்று நான்கு தலைமுறையாக வாழ்கிறவர்கள் நாங்கள். எங்கள் வாயிலிருந்தே, எங்கள் பிள்ளைகளைப் பார்த்தே இந்தச் சொல் வருகிறது. பொருள் தெரிந்த அன்றைக்கு ஒரு பையன் என்னிடம், “அப்ப நம்ம எல்லாருமே பொறம்போக்குதானா டீச்சர்?” என்று கேட்டான். குளமும் மேய்ச்சல் தரையும் ஊருக்கே பொதுச்சொத்து, அது கேவலமான பெயர் இல்லை என்று சொன்னேன். அடுத்த நாளிலிருந்து அவன் அந்தச் சொல்லால் யாரையும் திட்டி நான் கேட்கவில்லை. பிரம்பு எடுத்திருந்தால் என் முன்னால் மட்டும் நிறுத்தியிருப்பான்.

‘பரதேசி’ இன்னும் நெருக்கமாகச் சுடுவது. வேறு தேசத்திலிருந்து வந்தவன் என்று மட்டுமே அதன் பொருள். துறவிக்கும் யாத்திரை போகிறவனுக்கும் அந்தப் பெயர் இருந்தது. மகாராஷ்டிர அரசியலில் வெளிமாநிலத்தாரைச் சுட்டும் சொல் ‘பர்ப்ராந்தீய’. பர தேசம், பர பிராந்தம். தேர்தல் நேரத்தில் அந்தச் சொல்லைக் கேட்டு நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. அதே நாளில் நம் வீட்டுக்குள், “பரதேசி நாயே” என்று பிள்ளையைத் திட்டுகிறோம்.

இந்த ஊரில் வயதானவர்களுக்கு ‘யண்டு குண்டு’ என்ற ஒலி மறந்திருக்காது. நம் மொழிகளின் ஓசையைக் கேலி செய்ய உண்டாக்கிய சொல். 1960-இல் தொடங்கிய ‘மார்மிக்’ வார இதழின் காலத்திலும், 1966-இல் சிவசேனை உருவான காலத்திலும் தென்னிந்தியர்களைக் குறிவைத்துப் பரவியது. ‘லுங்கி ஹடாவ், புங்கி பஜாவ்’ என்ற முழக்கமும் அந்தக் காலத்தது. உடுப்பு, மொழி, சாப்பாடு எல்லாமே வசையானது. கன்னடர், மலையாளி, தெலுங்கர், தமிழர் எல்லாரும் ஒரே பெயரில் ‘மதராஸி’. தெருவில் தமிழ் பேசாதே என்று பிள்ளைகளின் வாயைப் பொத்திய தாய்மார்கள் இன்று பாட்டிகளாக நம்மோடு இருக்கிறார்கள்.

அந்த வலி தெரிந்த சமூகம், பீகாரிலிருந்தும் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் வந்தவரை ‘பைய்யா’ என்று எந்தத் தொனியில் கூப்பிடுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பையா என்றால் அண்ணன். இட்லிக் கடைக்காரரை இந்த ஊர் ‘அண்ணா’ என்கிறதே, அதே உறவு. சொந்த மொழியில் மரியாதையாக இருந்த உறவுப்பெயர், அடுத்தவர் வாயில் கூலிக்காரனின் அடையாளமாகிவிட்டது. “அண்ணான்னு சிரிச்சுக்கிட்டே கூப்பிட்டா எனக்குக் கோவம் வரும், நான் மட்டும் ஏன் பைய்யான்னு அப்படிக் கூப்பிடுறேன்?” என்று பத்தாவது படிக்கும் ஒரு பெண் வகுப்பில் எழுந்து கேட்டாள். அதற்கான மதிப்பெண் எந்த விதித்தாளில் இருக்கிறது?

எல்லாத் தெருச் சொல்லையும் எல்லா இடத்திலும் பேசலாம் என்று நான் சொல்லவில்லை. விண்ணப்பம் எழுதும்போதும், நேர்காணலுக்குப் போகும்போதும், இரங்கல் கூட்டத்தில் பேசும்போதும் வேறு தமிழ் வேண்டும். அதை நான் கண்டிப்போடு சொல்லித்தருகிறேன். இடம் அறிந்து பேசுவது அறிவு. ஆனால் அந்த அறிவு வருவதற்குச் சொல்லின் பொருளும் அது எங்கே எப்படிக் கேட்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். போன கோடையில் எங்கள் சந்துப் பையன் ஒருவன் ஊருக்குப் போயிருக்கிறான். சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு, “ஆச்சி, ஒரு கட்டிங் அடிச்சிட்டு வாரேன்” என்று சொல்லியிருக்கிறான். மும்பையில் கட்டிங் என்றால் அரை கிளாஸ் டீ. தமிழ்நாட்டில் அது 180 மில்லிக் குவாட்டரில் பாதி. ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்க, மாமா பெல்ட்டை உருவ, பையனுக்கு என்ன நடக்கிறதென்றே புரியவில்லை. கடைசியில் அவன் அம்மா இங்கிருந்து போனில் விளக்கித்தான் விஷயம் அடங்கியது. ஒரே சொல், ஒரே தமிழ்க் குடும்பம், இரண்டு ஊர். இதை வகுப்பில் சொல்லித்தராமல் வேறு எங்கே சொல்லித்தருவது?

சொல்லின் பிறப்பைத் தேடும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். தெருச் சொல்லுக்குக் கதை கட்டுவது சுலபம். கம்பெனி காலத்து அரசாங்கத் தபாலில் கட்டணமில்லை என்று குத்திய முத்திரையின் எழுத்துகள்தான் ‘ஓசி’ ஆயிற்று என்பது எல்லாரும் ரசித்துச் சொல்லும் கதை. அதைக் கதையாகவே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அகராதியில் ஏறிய மூலம் வேறு, அரட்டையில் வளர்ந்த மூலம் வேறு. இதைப் பிரித்தறியும் பழக்கம் இந்த வயதில் வந்துவிட்டால், வாட்ஸ்அப்பில் வரும் ஆயிரம் வரலாறுகளிலிருந்து அவர்களைக் காப்பாற்றும்.

நான் கேட்பது புதிய விஷயமும் அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. அதிலேயே உருதுச் சொல், மராத்திச் சொல், பேச்சுவழக்கு, நாஞ்சில் நாட்டு வழக்கு, யாழ்ப்பாண வழக்கு என்று குறிப்பிட்டுச் சொற்களைச் சேர்த்தார்கள். கி. ராஜநாராயணன் 1982-இல் கரிசல் வட்டார வழக்குக்கென்றே அகராதி கொண்டுவந்தார். பின்னால் கொங்கு நாட்டுக்குப் பெருமாள்முருகனும், நடுநாட்டுக்குக் கண்மணி குணசேகரனும் தொகுத்தார்கள். விவசாயிகளும் மேய்ப்பர்களும் பேசிய சொற்களைக் கொச்சை என்று ஒதுக்காமல் உட்கார்ந்து எழுதிய மனிதர்கள் இவர்கள். மும்பைத் தமிழும் ஒரு வட்டார வழக்குதான். அந்த வட்டாரம் மேற்குக் கடற்கரையில் இருக்கிறது, அவ்வளவே. அதற்கும் ஒரு சொல்லகராதி வேண்டும். அதை நீங்கள் முன்னின்று செய்யவேண்டும்.

இதில் அவசரமும் இருக்கிறது. தாராவி மறுமேம்பாட்டுக்கான கணக்கெடுப்பு 2024-இல் தொடங்கியது. சந்து சந்தாக வந்து கதவில் எண் எழுதினார்கள். யாருக்கு இங்கேயே வீடு, யார் எங்கே போவார்கள் என்ற பேச்சுதான் 90 அடி ரோட்டில் இப்போது எல்லாத் திண்ணையிலும். ஒரு பேச்சுவழக்கு வாழ்வது அதைப் பேசுகிற பத்துக் கதவுகள் எதிரெதிரே இருப்பதால். நெல்லைக்காரர் பக்கத்தில் குஜராத்திக் குயவர், அடுத்து மராத்திக்காரர், அதற்கடுத்து பீகாரி என்று இருந்த வரிசை கலைந்து, ஆளுக்கொரு மாடியில் கதவைச் சாத்திக்கொண்டால், ‘லஃப்டா கிஃப்டா’வைப் பேச ஆள் இருக்காது. ஆலை ஓடிய காலத்துச் சொல்லும் பதனிடும் கொட்டடிச் சொல்லும் அறிந்த தாத்தாக்கள் இப்போதே குறைந்துவருகிறார்கள்.

எனவே மன்றப் பெரியவர்களே, மதிப்பெண் குறைக்கும் அந்த விதியை வரும் பொங்கல் விழாப் போட்டிகளுக்கு முன் எடுத்துவிடுங்கள். பதிலாக ஒரு போட்டி வையுங்கள். பிள்ளைகள் ஆளுக்கு ஐந்து தெருச் சொற்களைக் கொண்டுவரட்டும். அதன் பொருள், அதை வைத்து வீட்டில் பேசும் ஒரு வாக்கியம், யார் யாரிடம் சொல்வது, எந்த மொழியிலிருந்து வந்தது, யாரையாவது காயப்படுத்துமா என்பதை மேடையில் சொல்லட்டும். நடுவர் மேசையில் மராத்தி தெரிந்த ஒருவரையும் உருது தெரிந்த ஒருவரையும் உட்கார வையுங்கள். அக்கம்பக்கத்தார் நம் மேடைக்கு வர அதைவிட நல்ல காரணம் கிடையாது. புண்படுத்தும் சொல்லையும் மறைக்க வேண்டாம். அது யாருடைய பெயர், எப்படி வசையானது என்பதைச் சொல்லி, இதை இனிப் பேசவேண்டாம் என்று அதன் பக்கத்திலேயே எழுதுவோம்.

ஆசிரிய நண்பர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பிலும் ஒரு நோட்டு வையுங்கள். செம்பூர்ப் பிள்ளைகள் பேசுவதும் முலுண்டுப் பிள்ளைகள் பேசுவதும் எங்கள் பிள்ளைகள் பேசுவதும் ஒன்றல்ல. பாலக்காட்டு வீட்டில் வளரும் பிள்ளை கொண்டுவரும் சொல் எங்கள் நோட்டில் வராது. பாட்டி தாத்தாவிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள், போனில் அவர்கள் குரலையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். எழுதும்போது பிள்ளை சொன்னபடியே எழுதுங்கள், திருத்த வேண்டாம்.

எங்கள் வகுப்பு நோட்டுகளை நகலெடுத்துத் தரத் தயாராக இருக்கிறேன். எந்த மன்றம் இடம் தந்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளோடு வந்து உட்காருகிறோம். நாற்காலியும் ஒரு கரும்பலகையும் போதும். டீயை நாங்களே கொண்டுவருகிறோம்.

அன்புடன்,
தாராவியிலிருந்து ஒரு தமிழாசிரியை